அரை மாத்திரை

மெல்பர்னுக்கு வடக்கே ஜூலைக் குளிர்.
ஷெட்டின் தகரக் கூரையில் மழை
ஒரே கியரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டுத்
துளை தேடிக் கேபிளைச் செருகுகிறாள் ஸோர்க்கா மிலெவ்ஸ்கா.
மடிக்கணினியில் விரிகிறது அட்டவணை:
குறுக்கே வேகம், நெடுக்கே மிதியின் ஆழம்,
கட்டத்துக்குக் கட்டம் எண்கள்.
எப்போது மாற வேண்டும்,
எத்தனை அழுத்தத்தில்,
எத்தனை மில்லிசெகண்டில்.

"இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவதற்குள்
ஒரு சிகரெட்டை முடித்துவிடலாம்"
என்கிறார் காருக்குச் சொந்தக்காரர்,
கார்த் பென்னிஃபாதர்.
வயது அறுபத்து மூன்று. கார் நீலம், ஆறு சிலிண்டர், டர்போ.
சிகரெட்டை விட்டு நாளாகிறது.

உள்ளே நடப்பது இவ்வளவுதான்:
ஒரு கிளட்ச் விடுகிறது, இன்னொன்று பிடிக்கிறது.
விடுமுன் பிடித்தால் இழுபறி.
விட்டு வெகுநேரம் பிடிக்காவிட்டால்
சுமை இல்லாத எஞ்சின் வீட்டையே கூட்டும்.
இரண்டுக்கும் நடுவில்
சூடான எண்ணெயில் வழுக்கியபடி
கைமாறுகிறது முழு பலமும்.

ஆலை அதை நெடிலாய் எழுதியிருந்தது.
ஆ என்று திறந்து,
பக்கத்தில் தூங்குபவர் புரளாதபடி மூடும்.
ஸோர்க்கா குறிலாக்குகிறாள்.
அழுத்தத்தைக் கூட்டுகிறாள்,
மாறும் கணத்தில் தீப்பொறியை ஒரு துளி பின்னுக்கு இழுக்கிறாள்,
நானூறை இருநூறாக்கி
இருநூறை நூற்றைம்பதாக்கி
இனி ஒற்றுதான், ஒரு 'க்'.

நடுவே நிறுத்துகிறாள்.
"இதைப் பாருங்கள். மூன்றிலிருந்து இரண்டு,
நாற்பத்தேழு கிலோமீட்டரில், பாதி மிதியில்.
சுற்றிலும் எல்லாம் வெண்ணெய்,
இந்தக் கட்டத்தில் மட்டும் ஆணி.
எந்தக் கழுதை தட்டிய எண் இது?"

கார்த் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார்.
"அந்தக் கழுதை நான்தான்."

பதினோரு வருஷம்,
இதே நெடுஞ்சாலையில், இப்போது பார்சல் கிடங்காய் இருக்கும் கட்டடத்தில்.
சோதனைத் தடத்தில் அவர் ஓட்டுவார்,
பக்கத்து இருக்கையில் மேலாளர்,
மேலாளர் கையில் விளிம்பு வரை காபி.
ஒரு சொட்டு சிந்தினால்
மறுநாள் ஒரு எண் மெத்தென்றாகும்.
அப்படியே சொட்டுச் சொட்டாய்
அட்டவணை முழுவதும் ஆறிப்போயிற்று.
அந்தக் கட்டம் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

"ஏன் நாற்பத்தேழு?"

"என் வீட்டுக்குத் திரும்பும் வளைவு.
அங்கே அந்த வேகத்தில்தான் மிதிப்பேன்."

அவள் சிரிப்பில் கேபிள் கழன்றுவிடுகிறது.
டார்வினிலும் பெர்த்திலும்
தங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வளைவுக்காக
எத்தனை பேர் திடுக்கிட்டிருப்பார்கள்,
பெட்டியில் கோளாறென்று
எத்தனை பேர் எண்ணெய் மாற்றியிருப்பார்கள்!

பழைய கால்களைப் பற்றிக்
கியர்பெட்டி கற்றுவைத்ததையெல்லாம் அழித்துவிட்டு
சாவியைக் கொடுக்கிறாள்.
கிளம்புமுன் அவர் பையிலிருந்து அட்டையை எடுத்து
ஒரு மாத்திரையை நகத்தால் இரண்டாக்கி
பாதியை வாயில் போட்டுக்கொள்கிறார்.
பெட்டிக்கு அழுத்தம் ஏற,
அவருக்கு இறங்க.

இருபது நிமிடத்தில் திரும்பி வருகிறார்,
கழுத்தைத் தடவியபடி,
கண்ணில் பள்ளிக்கு மட்டம் போட்டவனின் பளபளப்பு.
"ஒரு பதினைந்து கூட்டு. கழுத்து வலிக்கிறது."
கூட்டுகிறாள்.
"அப்புறம் அந்த நாற்பத்தேழு..."
"தொடவில்லை. அப்படியே இருக்கிறது."
"தொடு. மெத்தென்று ஆக்கு. பழைய மாதிரி, நானூறு."

அவள் நிமிர்ந்து பார்க்கிறாள்.

"எல்லாமே உதைத்தால்
என் வளைவு எனக்கு எப்படித் தெரியும்?"

தொள்ளாயிரம் டாலர், ரொக்கம்.
நீலக் கார் நனைந்த சாலையில் இறங்குகிறது:
க்.
க்.
கதவோரம் நின்று ஸோர்க்கா காது கொடுக்கிறாள்.
வளைவு இங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர்,
கேட்காது என்று அவளுக்குத் தெரியும்.
மேசையில் அவள் காபி
விளிம்பு வரை இருக்கிறது,
ஆறிக்கொண்டு.